சுவர் பார்த்த தவலை

இதில் வரும் திருடன் நான்தான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தேடி அலைய வேண்டாம்.

எனக்குத் தொழில் பத்திரம் எழுதுவது. அரியலூரில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு. எந்த வீடு விலைக்கு வருகிறது, எந்த அண்ணன் தம்பி பிரியப் போகிறார்கள் என்பது எனக்குத்தான் முதலில் தெரியும். பாகம் பிரிக்கும்போது நிலம், கிணறு, மாடு எல்லாம் ஒரு வழியாகப் பிரிந்துவிடும். கடைசியில் யாருக்கும் வேண்டாத சாமான்கள் கொஞ்சம் மிஞ்சும். "நீங்களே எடுத்துட்டுப் போங்க சார், எடத்த அடைக்குது" என்பார்கள். நானும் கூச்சப்படாமல் மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் புது வீடு கட்டிக் குடிபோனபோது அதையெல்லாம் கூடத்தில் பரப்பினேன். உடையார்பாளையத்திலிருந்து வந்த பிரம்பு நாற்காலி, ஒரு கை கிடையாது. நான்கு மணிக்குப் பதினொன்று அடிக்கும் சுவர்க் கடிகாரம். பேனா போட்டுவைக்க நெல் அளக்கும் மரக்கால். காகிதம் பறக்காமல் இருக்க, சுண்ணாம்புக்கல் சுரங்கப் பக்கம் பொறுக்கிய நத்தை போலச் சுருண்ட கல். என் மனைவியின் பழைய சுங்கிடிப் புடவை ஜன்னல் திரையானது. கட்டம் போட்ட புடவை திண்டு உறையானது. தரையில் கோடு போட்ட ஜமக்காளம், நாற்காலி மேல் பூப் போட்ட மெத்தை.

"இது வூடா, ஏலக் கடையா? கண்ணு கூசுது" என்றாள் மனைவி.

எனக்கும் முதலில் கூசத்தான் செய்தது. பிறகு ஒன்று கண்டுபிடித்தேன். புள்ளி, கட்டம், கோடு, பூ எதுவானாலும் சரி, எல்லாத் துணியிலும் எங்கேயாவது கொஞ்சம் அரக்கு நிறம் இருந்துவிட்டால் அவை ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. அரக்கு இல்லாததை எடுத்துவிட்டேன். கூடம் அடங்கி உட்கார்ந்தது. வந்தவர்கள் எல்லாரும், "உள்ள நொழஞ்சா ஒக்காரணும் போல இருக்கு" என்றார்கள். ஒரு மூலை மட்டும் வெறிச்சென்று கிடந்தது. என் அழிவு அந்த மூலையில் ஆரம்பித்தது.

குடிபோன அன்றைக்குப் பாத்திரம் பண்டமெல்லாம் என் மனைவியின் பெரியப்பா வீட்டிலிருந்து இரவல் வாங்கியிருந்தோம். அண்ணன் தம்பி இருவரும் ஒரே அடுப்பில் சாப்பிட்டு வந்த குடும்பம் அது. அவர்களைப் பெரிய மாமா, சின்ன மாமா என்றும் அவர்களுடைய மனைவிமாரைப் பெரியத்தை, சின்னத்தை என்றும் சொல்வேன். பெரியத்தை பட்டியல் போட்டுப் பாத்திரம் கொடுத்தார். அதன் பிறகு தண்ணீர் ஊற்றிவைக்க ஒன்று போதவில்லை என்று நானே ஓடிப்போய், அன்று திறந்து கிடந்த சாமான் அறைப் பரணிலிருந்து ஒரு பித்தளைத் தவலையை இறக்கிக்கொண்டு வந்தேன். அது பட்டியலில் ஏறவில்லை. ஏறாததால் திரும்பியும் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து எங்கள் வீட்டுக் கொல்லையில் மணல் குவியலுக்குள் கிடந்ததைப் பார்த்தேன்.

நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் புளி போட்டு விளக்கினேன். சத்தியமாக. விளக்கியதும் பொன் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு மட்டும் என்று அந்த மூலையில் வைத்து நாலைந்து மயிலிறகு சொருகினேன். அன்று பார்த்து வந்த ஒரு வாத்தியார், "பரம்பரச் சாமானா சார்?" என்று கேட்டார். மூளை யோசிப்பதற்குள் வாய், "ஆமாங்க, எங்க பாட்டன் காலத்துது" என்றுவிட்டது. மனைவி கேட்டபோது உடையார்பாளையம் என்றேன். ஒரு தவலைக்கு இரண்டு பூர்வீகம்!

தவலையின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. பெரியத்தையின் அம்மா பெயர். அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அடுத்தவர் சொத்துக்கு வில்லங்கம் பார்த்துச் சொல்பவன், என் கூடத்து வில்லங்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தேன்.

அந்த வருடக் கடைசியில் பெரியத்தையின் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். சீர்ப் பாத்திரங்களை இறக்கிப் பார்த்தபோது தவலையைக் காணோம். பெரியத்தைக்கு அவர் அம்மா கொடுத்தது, மகளுக்குப் போக வேண்டியது. சாமான் அறைக்கு இரண்டு சாவி. ஒன்று பெரியத்தையிடம், இன்னொன்று சின்னத்தையிடம். பிறகு என்ன, கணக்கு தானாகச் சின்னத்தை மேல் முடிந்தது.

சண்டை நடந்த அன்று நான் அங்கே இருந்தேன். சின்னத்தை போட்டுக் கொடுத்த காப்பி என் கையில் இருந்தது.

"ரெண்டே சாவிதான. தவல காலு மொளச்சா போச்சு?" என்றார் பெரியத்தை.

"எங்கம்மா வூட்ல பித்தளையே இல்லாமயா வளந்தேன் அக்கா? நான் எடுத்து என்னா பண்ணப் போறேன்?"

"திருடறவ காரணம் சொல்லிட்டா திருடுவா?"

சின்னத்தை என்னைப் பார்த்தார். யாராவது ஒருவர் தனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்ற பார்வை. நான் காப்பியை ஆற்றினேன். ஆறிய காப்பியை மறுபடி ஆற்றினேன். கடைசியில் மகா யோக்கியன் போல, "பரண்ல நல்லாத் தேடிப் பாருங்க பெரியத்தை" என்றேன். அதைவிட நானே தவலைக்குள் இறங்கி மூடிக்கொண்டிருக்கலாம்.

அன்று மாலையே சின்னத்தை தனி அடுப்பு மூட்டினார்.

ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்திருப்பேன். எழுந்ததும் இன்றைக்கு அஷ்டமி, நாளைக்குச் செவ்வாய்க்கிழமை என்று ஏதாவது தோன்றும். நாத்திகம் பேசுகிறவன் நான். அந்த ஒரு வருடம் என்னைப் போலப் பஞ்சாங்கம் பார்த்தவன் கிடையாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கையில் கிடைத்த துணியைத் தவலை மேல் போர்த்துவேன். ஒரு நாள் பெரியத்தையே வந்துவிட்டார். மனைவியின் நைட்டியைப் போர்த்தி, அதை மறைத்துக்கொண்டு முன்னால் நின்றேன்.

"ஏன் மாப்ளே நிக்கிறீங்க? ஒக்காருங்க."

"இடுப்பு வலி, பெரியத்தை."

அவர் கூடத்தை நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். "எல்லாம் பழசுதான், ஆனா நெறவா இருக்கு. எங்க தவல மட்டும் இருந்து, அது பொண்ணு சீருக்கும் இல்லன்னா, ஒங்களுக்கே குடுத்துருப்பேன் மாப்ளே. நீங்கதான் அருமை தெரிஞ்சவரு."

இடுப்பில் நிஜமாகவே வலி வந்தது.

அடுத்த வருடம், பிரித்த அரியலூர் மாவட்டத்தையே அரசாங்கம் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டது. அந்த இரண்டு அடுப்புகள் சேரவில்லை. வாய்ப்பேச்சில் கொல்லையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வீட்டையும் பிரிக்கப் போகிறார்களாம். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. நல்ல மனுஷன் போய் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் திட்டம் போட்டேன்.

ஐப்பசிப் பௌர்ணமிக்குக் கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகம். அந்த வீட்டில் எல்லாரும், தனித்தனி பஸ்ஸில்தான், கிளம்பிப் போனார்கள். என் மனைவியும் போனாள். எனக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லியிருந்தேன். பயத்தில் அது பாதி உண்மையாகவும் ஆகிவிட்டது. உச்சி வெயிலில் தவலையைச் சாக்கில் போட்டு மொபெட்டில் வைத்து, சந்து வழியாக அவர்கள் கொல்லைக்குப் போனேன். மேட்டில் ஏறும்போதெல்லாம் தவலை கோயில் மணி மாதிரி அடித்தது. ஊரில் ஆள் இல்லை, இருந்த நாய்கள் எல்லாம் என் பின்னாலேயே வந்தன. சாமான் அறை பூட்டிக் கிடந்தது. மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் செருகிவிட்டு ஓடிவந்தேன். தேடும்போது கிடைக்கும், "அட, இங்கயா கெடந்துச்சு" என்பார்கள், அழுவார்கள், சேர்ந்துவிடுவார்கள். அன்று மத்தியானம் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

கொல்லையைப் பிரித்ததில் மாட்டுக் கொட்டகை சின்னத்தை பக்கம் போயிருந்தது. எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் வைக்கோல் எடுக்கப் போன வேலையாள் கத்தினான். பெரியத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாராம்: "இப்ப என்னா சொல்றீங்க? அவ கொட்டாயிலயே கெடக்கு. வெளக்கி வேற வச்சிருக்கா பாரு, கண்ணாடியாட்டம்!" அடியில் ஒட்டியிருந்த ஒரு மயிலிறகை யாரும் லட்சியம் செய்யவில்லை. சின்னத்தை மூன்று நாள் சாப்பிடவில்லை என்று மனைவி வந்து சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள், பாகப்பிரிவினை எழுத. சொந்தக்காரர் வீடு, வந்தால் உட்காரத் தோன்றும் கூடம். அண்ணன் தம்பி ஜமக்காளத்தின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். சின்னத்தை வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். பெரியத்தை மடியில் தவலை! "இனிமே கண்ண விட்டு எறக்க மாட்டேன்" என்றார். உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஒரு கைதான் இருந்ததால், தவலையின் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

பேனாவை எடுத்தேன். "நாம் இருவரும் இதுநாள் வரை ஒரே குடும்பமாக இருந்து வந்து, இனிமேல் ஒன்றாக இருந்து வர..." கை நின்றது. எத்தனை நூறு தடவை எழுதிய வரி!

"என்னா மாப்ளே, மையி தீந்துருச்சா?" என்றார் பெரிய மாமா.

"தவலைய எடுத்தது நான்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சின்னத்தை தவிர மற்ற எல்லாரும். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் இருபது வருடமாகக் கிண்டல் பேசிச் சேர்த்துவைத்த பெயர் அன்றைக்கு வேலை செய்தது. "எந்த நேரத்துல வெளையாட்டுன்னு இல்ல ஒங்களுக்கு" என்று சின்ன மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லீங்க, நெசமாவே நான்தான்" என்றேன். சிரிப்பு இன்னும் பலமானது.

எழுந்து போய்ப் பெரியத்தை மடியிலிருந்து தவலையை வாங்கினேன். தவலையை விற்றுவிட்டதாக மனைவியிடம் சொல்லி மூலையில் நான் போட்டு வைத்திருந்த ஸ்டூலை நகர்த்தினேன். சிவப்புச் சிமெண்டுத் தரையில் வெளிறிய வட்டம் ஒன்று இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் தரையைத் துடைத்துத் துடைத்துச் சுற்றிலும் நிறம் ஏறி, தவலை இருந்த இடம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. தவலையை அதன் மேல் வைத்தேன். ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்தது.

கடிகாரம் மட்டும் தன் இஷ்டத்துக்கு எதையோ அடித்தது.

முதலில் பேசியது என் மனைவி. "ஒடயார்பாளையம்ன்னீங்களே!" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். பெரியத்தை எழுந்து போய்ச் சின்னத்தை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எவ்ளோ பேச்சு பேசிட்டேன்டி ஒன்ன" என்று கையைப் பிடித்தார். சின்னத்தை கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. நான் மன்னிப்பு என்று ஆரம்பித்து எதையோ உளறினேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எழுதின காகிதத்தைப் பெரிய மாமா நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது பெரியத்தை தவலையைத் தூக்கப் போனார். அப்போதுதான் சின்னத்தை வாயைத் திறந்தார்.

"எடுக்காதீங்க அக்கா. பொண்ணு கல்யாணம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். பேரு மட்டும் இந்தப் பக்கம் தெரியட்டும். யாரு கேட்டாலும் இவரே சொல்லட்டும்."

அவரே குனிந்து தவலையைத் திருப்பி வைத்தார்.

கல்யாணம் முடிய எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் என் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். "இது யாருங்க?" என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் முழுவதும் சொன்னேன். பரம்பரைச் சாமானா என்று கேட்ட வாத்தியாரையும் வரவழைத்துச் சொன்னேன். அவர், "நல்லா கத கட்டுறீங்க சார்" என்று சிரித்துவிட்டுப் போனார். சீர்வரிசையில் தவலையைத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். மூலை காலியாயிற்று. மனைவி சொல்லியும் அந்த வட்டத்தின் மேல் நான் எதையும் வைக்கவில்லை.

கொட்டகை மறுபடி பொதுவாகிவிட்டது. அடுப்பும் ஒன்றுதான். சின்னத்தை எங்கள் தெரு வழியாகப் போகும்போது என் வீட்டுக்கும் வருவார். நிலைப்படிக்கு வெளியே நின்று மனைவியோடு பேசிவிட்டுப் போவார். ஒரு நாள் நானே டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிங்க சின்னத்தை" என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "அன்னிக்கி நீங்க குடிச்ச காப்பியே எனக்கு இன்னும் எறங்கல மாப்ளே."