பிளாக் மெட்டல் கேசட்டுக்கு ஒரு பஞ்சாயத்து

என் தம்பியும் அவன் சிநேகிதனும் பேச்சை நிறுத்திக்கொண்டது பாட்டுக் கேசட்டால்தான் என்று நான் சொன்னபோது பருத்திப்பட்டில் ஒருவரும் நம்பவில்லை. பெண் விஷயமாக இருக்கும் என்றார்கள். கட்சித் தகராறு என்றார்கள். என் மனைவிதான் எல்லாருக்கும் பதில் சொன்னாள். "பொண்ணு விசயமா இருந்தா நான் ஒரே நாள்ல தீர்த்து வெச்சிருப்பேன். இது அத வுட மோசம்."

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் ஆவடித் தொழிற்சாலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடிக்கிற ஹேமர் ஓடுகிற பகுதியில் வேலையில் இருந்தேன். அப்பா அம்மா போன பிறகு தம்பி என்னோடுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அவன் லேத்து ஓட்டுகிற டர்னர். அவன் சிநேகிதனின் அப்பாவுக்கும் எங்கள் தொழிற்சாலைதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். அந்தப் பையனுக்குத் தாய் இல்லை. அப்பாவுக்கு ஷிப்டு மாறி மாறி வரும். அதனால் பள்ளிக்கூடத்து நாள் முதல் சாயங்காலச் சாப்பாடு அவனுக்கு எங்கள் வீட்டில். என் மனைவி அவனைக் குவார்ட்டர்ஸ்காரன் என்றுதான் கூப்பிடுவாள். அவன் வளர்ந்து வேலைக்குப் போய் மீசை வைத்த பிறகும் அந்தச் சாப்பாடு நிற்கவில்லை.

இரண்டு பேரையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டதுதான் இந்த பிளாக் மெட்டல். எண்பதுகளின் தொடக்கத்தில் வெள்ளைக்காரப் பையன்கள் சிலர் ஆரம்பித்து வைத்தார்களாம். பிறகு நார்வே என்கிற குளிர் தேசத்தில் அது பெரிதாகக் கிளம்பியதாம். மின்சார கிட்டாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்துவார்கள். குவார்ட்டர்ஸ்காரனுக்கு பெங்களூரில் ஒரு பேனா நண்பன் இருந்தான். வெறும் கேசட்டைத் தபாலில் அனுப்பினால் அவன் பதிவு செய்து திருப்பி அனுப்புவான். அதோடு ஜெராக்ஸ் எடுத்த படமும் வரும். முகத்துக்கு வெள்ளை அடித்து, கண்ணைச் சுற்றிக் கறுப்பு தீட்டி, காட்டுக்குள் நிற்பார்கள்.

நான் சாமி கும்பிடுகிறவன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை; ஆனால் நெற்றியில் திருநீறு இல்லாமல் வேலைக்குப் போனதில்லை. இந்தப் பாட்டுக்காரர்கள் அவர்கள் ஊர்ச் சாமியையே திட்டிப் பாடுகிறார்கள் என்று தம்பி சொன்னபோது எனக்குப் பகீர் என்றது. அந்த நாட்டில் சில பேர் மரத்தால் கட்டிய பழைய தேவாலயங்களுக்கு நெருப்பு வைத்ததாகவும் பெங்களூர்க்காரன் எழுதியிருந்தான். அதை மட்டும் இன்றைக்கும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. யார் கும்பிட்டால் என்ன, கோயில் கோயில்தான். வீட்டில் இதெல்லாம் வேண்டாம் என்றேன். என் மனைவி அந்த ஜெராக்ஸ் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மயானக் கொள்ளைக்கு வேசம் கட்டிகினு அங்காளம்மன் கோயிலாண்ட நிக்கிறவன் மாதிரி கீறான். இதுக்குப் போயி இன்னாத்துக்கு இத்தினி கோவம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதோடு கேசட்டுகள் வீட்டிலேயே தங்கிவிட்டன. இருவரும் சேர்ந்து ஒரு டேப் ரிக்கார்டரும் வாங்கி வைத்தார்கள்.

பிறகு பெங்களூரிலிருந்து புது மாதிரிக் கேசட்டுகள் வர ஆரம்பித்ததும்தான் சண்டை. பாட்டுக்குள் கீபோர்டு வந்தது, பெண் குரல் வந்தது, ஒரே பாட்டு கால் மணி நேரம் ஓடியது. குவார்ட்டர்ஸ்காரனுக்கு அது பிடித்துப்போனது. இசை வளர்ந்திருக்கிறது, முதலில் செய்தவர்கள் சின்னப் பையன்கள், கத்தத்தான் தெரிந்தது, இப்போதுதான் வாசிக்கவே கற்றிருக்கிறார்கள் என்றான். தம்பிக்கு அது பொறுக்கவில்லை. முதலில் வந்ததுதான் உண்மை, மற்றதெல்லாம் வியாபாரம், இனிமேல் வருகிற எதையும் காதால் கேட்கமாட்டேன் என்றான். வார்த்தை தடித்தது. கடைசியில் தம்பி சொன்னான்:

"நீ போயி கல்யாண ஊட்டு லைட் மியூசிக் கேளு மாமே. உனக்கு அதான் கரெக்டு."

வெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு வார்த்தையா என்று தோன்றும். அவர்களுக்குள் அதைவிடப் பெரிய ஏச்சு இல்லை. குவார்ட்டர்ஸ்காரன் சாப்பிட உட்கார்ந்தவன் கை கழுவிக்கொண்டு எழுந்து போனான். அடுத்த நாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. வந்தபோது வாசலிலேயே நின்றான். கேசட்டைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுங்கள் அண்ணா, என் பங்கை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான்.

என் மனைவி அன்றைக்குத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, மறுபடி உள்ளே கொண்டுபோய்க் கவிழ்த்தாள். இந்தக் கேசட்டு போனால் அந்தப் பையன் இந்த வாசல்படி ஏற ஒரு காரணமும் இருக்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "எதாச்சும் சொல்லி இழுத்துப் புடிங்க" என்றாள்.

எனக்கு என்ன சொல்லத் தெரியும்? பங்கு எப்படி என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். அதில் மட்டும் இருவருக்கும் ஒரே எண்ணம். பழையது தம்பிக்கு, புதியது அவனுக்கு. எது வரைக்கும் பழையது, எங்கே கோடு போடுவது என்பதில்தான் தகராறு. தம்பி ஒரு இடத்தில் கோடு போட்டு, அதற்கப்புறம் இசை கெட்டது என்பான். அவன் அதே இடத்தைக் காட்டி, அங்கேதான் இசை பிறந்தது என்பான். நடுவில் இருக்கிற நாலைந்து கேசட்டுக்கு இரண்டு பேரும் உரிமை கொண்டாடினார்கள். அப்புறம் இருவரும் என் தலையில் கட்டினார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, அதனால் எந்தப் பக்கமும் சாயமாட்டேனாம். நீங்களே கேட்டுக் கோடு போடுங்கள், நாங்கள் வாயைத் திறக்கமாட்டோம் என்றார்கள்.

அப்படித்தான் நான் பிளாக் மெட்டல் கேட்க உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் எல்லாரும் படுத்த பிறகு, திருநீறு பூசிக்கொண்டு, அம்மன் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டேன். கேசட்டின் மேல் பெயர் என்று எழுதியிருந்தது எனக்குக் கருவேல முள்ளைக் குவித்து வைத்ததுபோல இருந்தது. இங்கிலீஷ் தெரிந்தவர்களாலும் அதைப் படிக்க முடியாது என்று தம்பியே சொல்லியிருக்கிறான். எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று காதுதான் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்துப் போவதுபோலத்தான் இருந்தது. ஆனால் ஹேமருக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்ற காது எனக்கு. ஹேமர் சத்தத்துக்குள்ளேயும் ஒரு தாளம் இருக்கும், பழகியவனுக்குக் கேட்கும். இதிலும் கேட்க ஆரம்பித்தது. டிரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை அடிப்பதுபோல ஓடும். அதன் மேல் கிட்டார் சின்னதாக ஒரு மெட்டை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பஜனையில் ஒரே நாமத்தை நூறு தடவை சொல்லும்போது ஒரு கட்டத்துக்கு மேல் வாய் சொல்லுகிறதா மனசு சொல்லுகிறதா என்று தெரியாமல் போகுமே, அதேபோல. குரலைக் கேட்டால் அருள் வந்தவர் குரல்தான். அர்த்தம் தெரியவில்லை. ஆனால் பொய் இல்லை என்று தெரிந்தது. இதைப் போய்த் திட்டினோமே என்று இருந்தது எனக்கு.

அந்த வாரம் மாங்காட்டு அம்மன் கோயில் வரிசையில் நிற்கும்போதும் இதே நினைப்பு. ஊசிமுனையில் ஒற்றைக்கால் ஊன்றி, சுற்றிலும் அக்கினி வளர்த்துத் தவம் இருந்தவள் அந்த அம்மன். அதைப் பார்த்து யாராவது இதென்ன பயங்கரம் என்பார்களா? வைகுண்டத்து வாசல் காவலர் இருவருக்குச் சாபம் வந்த கதையும் ஞாபகத்துக்கு வந்தது. பல பிறவி அடியாராக இருந்து வருகிறீர்களா, மூன்றே பிறவி விரோதியாக இருந்து வருகிறீர்களா என்று பெருமாள் கேட்டாராம். சீக்கிரம் உம்மிடம் வர வேண்டும், விரோதியாகவே இருக்கிறோம் என்றார்களாம். ராத்திரி பகலாகச் சாமியைத் திட்டுகிறவனுக்குச் சாமியைத் தவிர வேறு நினைப்பு ஏது? இந்த வெள்ளைப்பூச்சுப் பையன்களும் அந்தக் குறுக்கு வழியில் போகிறவர்கள்தானோ என்று எனக்குத் தோன்றியது. எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டு அவர்களுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டேன். இதைத் தம்பியிடம் சொன்னபோது, "அவனுங்களுக்குத் தெரிஞ்சா உன்மேல கேஸ் போடுவானுங்க" என்றான்.

கோடு போடும் நாள் வந்தது. கூடத்தில் பாயை விரித்து, இருபது சொச்சம் கேசட்டையும் என் காது சொன்ன வரிசையில் அடுக்கினேன். தம்பி ஒரு சுவரோரம், குவார்ட்டர்ஸ்காரன் எதிர்ச் சுவரோரம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வரிசையின் தலைமாட்டில் ஒன்றை வைத்தேன். "இதான் எல்லாத்துக்கும் முன்னாடி வந்தது. இவன்தான் ஆரம்பிச்சி வெச்சிருக்கணும். யாரும் கேக்கணும்னு பாடல இவன். கதவச் சாத்திகினு அழுவறவன் மாதிரி கீறான். மத்தவங்க இவனப் பாத்துதான் கத்துகினு இருப்பாங்க."

இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.  குவார்ட்டர்ஸ்காரன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது.

"ண்ணா," என்றான் தம்பி மெதுவாக, "இது கடைசியா வந்ததுண்ணா. இந்த வருசம் போட்டது."

 எப்படித் தெரியும் என்று கேட்டேன். வந்த அன்றைக்கே அட்டையைப் பார்த்தேன், ஆனால் நான் இதைக் கேட்டதில்லை என்றான்.

"நீதான் காதாலயே கேக்கமாட்டேன்னியே," என்றான் குவார்ட்டர்ஸ்காரன் எதிர்ச் சுவரிலிருந்து. மாதக்கணக்கில் அவன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"உன்ன யார்ரா கேட்டாங்க?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் இல்ல. ண்ணா, அது காப்பியோட காப்பி. அதான் பின்னால அந்த எரைச்சல். பழசு மாதிரி தெரியுது உனக்கு."

நான் எரைச்சலை வைத்துச் சொல்லவில்லை, குரலை வைத்துச் சொன்னேன் என்றேன்.  அப்புறம் தம்பியின் கண் வரிசையின் கடைசிக்குப் போனது. அங்கே நான் வைத்திருந்ததைக் கையில் எடுத்தான். நன்றாகத் தேறி, சுத்தமாக, நிதானமாக வாசித்த கேசட்டு அது. வளர்ச்சி என்றால் இதுதான் என்று அதை கால்மாட்டில் வைத்திருந்தேன்.

இப்போது தம்பி சிரித்தான். "மாமே, இங்க பாரு. உன் சின்னப் பையன்க. கத்தத்தான் தெரியும்னு சொன்னியே. எண்பதுகள்ல வந்தத அண்ணன் கடைசில வெச்சிகீது."

குவார்ட்டர்ஸ்காரன் சுவரை விட்டு எழுந்து வந்து பாய் மேல் உட்கார்ந்தான். அது ரெக்கார்டுத் தட்டிலிருந்து நேராக எடுத்தது, அதனால் சுத்தமாகக் கேட்கிறது என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் குரல் இறங்கியது. சுத்தத்துக்காக மட்டுமா அண்ணன் அங்கே வைத்தார் என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது போல. பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். இதை ஏன் நடுவில் வைத்தாய், இதற்கும் அதற்கும் பத்து வருஷம் வித்தியாசம், இதுகூடத் தெரியவில்லையா, காதா இது என்று இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பிடித்தார்கள். நான் அடுக்கியதைக் கலைத்தார்கள். அவன் ஒன்றை எடுத்து வைப்பான், இவன் அதைத் தள்ளி வேறொன்றை வைப்பான். கோடு போட ஒரு இடமும் அகப்படவில்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மனசுக்குள் அம்மனை நினைத்துக்கொண்டேன்.

இசை வளர்ந்ததா தேய்ந்ததா என்று கேட்டால் அன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. முதலில் வந்தவர்களுக்கு வழி காட்ட யாரும் இல்லை. அவர்கள் தைரியம் பெரிது. பின்னால் வந்தவர்கள் திட்டுவதைக் குறைத்து, காடு, பனி, இருட்டு என்று பாடப் போனார்களாம். கோபம் தீர்ந்தவன் மலையேறி உட்காருவதில்லையா, அதுபோல. அதைத் தேய்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் தலைமாட்டில் வைத்த கேசட்டில் பாடிய அந்தப் புதுப் பையன் ஒருத்தன் மட்டும், முதல் ஆளைப்போலவே, ஒன்றும் தெரியாதவனாகப் போய் நின்று அழுதிருக்கிறான். அப்படி ஒருத்தன் வந்துகொண்டே இருக்கிற வரைக்கும் எதுவும் கெட்டுப்போகாது என்றுதான் நினைக்கிறேன்.

தம்பி அந்தப் புதுப் பையனின் கேசட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு யாரிடமும் கேட்காமல் டேப் ரிக்கார்டரில் போட்டான். சத்தத்தைக் கூட்டினான். சண்டை நின்றது.

என் மனைவி டீ எடுத்துக்கொண்டு வந்தாள். பாயில் கேசட்டுகள் கலைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, பங்கு ஆச்சா, யாருது எது என்று கேட்டாள்.

"இரு அண்ணி, இந்த எடத்தக் கேளு," என்றான் குவார்ட்டர்ஸ்காரன்.

அவள் தட்டோடு நின்று கேட்டாள். அந்தக் குரல் ஏறி, உடைந்து, மறுபடி ஏறியது.

"பாவம்," என்றாள். "யாரோ இந்தப் புள்ளயத் தனியா வுட்டுட்டாங்க."

இருவரும் சிரிக்கவில்லை. அவளும் டீயை நடுவில் வைத்துவிட்டுப் பாய் ஓரமாக உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் முடிந்து டேப் ரிக்கார்டர் டக்கென்று நின்றபோது, எழுந்து போய்க் கேசட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டவன் என் தம்பி.