குழுத் தலைவருக்குப் போர்த்திய பொன்னாடை

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்கள் யோசித்தேன். ஒவ்வொரு நவராத்திரிக்கும் கலைமகளிடம், "தாயே, இந்த முறை கட்டாயம் எழுதுவேன்" என்று சொல்வேன். கடலை அவித்த சட்டியைக் கழுவும்போது அந்த எண்ணமும் சேர்ந்து கழுவப்பட்டுப் போய்விடும். நான் ஊரில் பத்தாம் வகுப்பு ஓ.எல். சோதனை வரை படித்தவள், அதிலும் கணக்கு என்னைக் கைவிட்டது. எழுதினால் கோயில்காரர் கோபிப்பார்கள், பள்ளிக்கூடத்துக்காரர் கோபிப்பார்கள், வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் சேர்ந்து கோபிப்பார்.

ஆனால் நான் எழுதாமல் இருக்க, கதை தன்பாட்டில் ஊர் சுற்றத் தொடங்கிவிட்டது. போன மாதம் ஹ்விடோவ்ரே நகரில் ஒரு கலியாண வீட்டில், பக்கத்தில் இருந்தவர் என்னை யாரென்று தெரியாமல் என் கதையையே எனக்குச் சொன்னார். அதில் நான் செத்துப்போயிருந்தேன். இனியும் பேசாமல் இருந்தால் திவசமும் செய்துவிடுவார்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது டென்மார்க்கில், ஒடென்சே நகருக்கு வெளியே ஒரு சிறிய கொம்மூனில். கொம்மூன் என்றால் இங்கே நகரசபை. குப்பை எடுப்பதும் அதுதான், முதியவர்களைக் குளிப்பாட்டுவதும் அதுதான், பள்ளிக்கூடம் நடத்துவதும் அதுதான். நான் வேலை செய்யும் முதியோர் இல்லமும் அதனுடையதே. அதனால் பெயர் சொல்லமாட்டேன். எனக்குச் சம்பளம் வரவேண்டும்.

பள்ளிக்கூட நிர்வாக சபைக்குள் நான் போனது கோப்பை கழுவப் போய்த்தான். பெற்றோர் கூட்டத்தில் அதிபர், "சபைக்கு யார் நிற்கிறீர்கள்?" என்று கேட்டார். டெனிஷ்காரர் எல்லோரும் தங்கள் கோப்பிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர்கள்போல் குனிந்து தேடினார்கள். வெறுங்கோப்பைகள் மேசையில் கிடக்க என்னால் இருக்க முடியாது, அது வளர்ப்பு. சேர்த்து அடுக்குவோம் என்று எழும்பினேன். கை தட்டினார்கள். இரண்டு கையிலும் கோப்பையோடு நின்றபடி நான் சபை உறுப்பினர் ஆனேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் நம்பவில்லை. இவர் கோயில் நிர்வாக சபையில் இருப்பவர். சபை என்றால் ஆண்கள் வேட்டி கட்டி, தேவாரம் பாடித் தொடங்கி, கதவை அடித்துச் சாத்திக்கொண்டு முடிப்பது என்பது இவர் எண்ணம்.

"நீர் அங்க என்ன கதைக்கப் போறீர்?" என்று கேட்டார்.

"நீங்கள் கோயில்ல என்ன கதைக்கிறியளோ, அதைத்தான். ஆனா சத்தமில்லாமல்."

உண்மையாகவே சத்தமில்லைத்தான். சபைத் தலைவி ஒரு மிருக வைத்தியர், குதிரைகளோடு பழகிய பொறுமைசாலி. கூட்டத்தின் முதல் வேலை, கூட்டத்தில் என்ன கதைப்பது என்ற நிரலை ஏற்றுக்கொள்வது. கடைசி வேலை, அடுத்த கூட்டம் எப்போது என்பது. நடுவில் கழிப்பறைக் கதவு.

அங்கேதான் கொம்மூன் பள்ளிக்கூடத்தின் சீவன் எப்படிப் போகிறது என்று விளங்கியது. பிள்ளையின் தலைக்கு இவ்வளவு என்று காசு வரும். பிள்ளை தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போனால் காசும் பின்னால் போய்விடும். காசு போனால் ஓர் ஆசிரியர் குறைவார், ஆசிரியர் குறைந்தால் இன்னும் நாலு பிள்ளைகள் போவார்கள். சோதனைகளில் எங்கள் பள்ளிக்கூடத்தின் சராசரிப் புள்ளி குறைவு. எங்கள் ஆட்கள் சராசரிப் புள்ளியைப் பவுண் விலைபோல் பார்ப்பவர்கள். "பள்ளிக்கூடத்தை மூட விடக்கூடாது" என்று கோயில் மண்டபத்தில் மேசையில் அடித்துப் பேசியவரின் இரண்டு பிள்ளைகளும் தனியார் பள்ளிக்கூடத்தில்தான். மேசையாவது கொம்மூன் பள்ளிக்கூடத்தின் பக்கம் நின்றது.

என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு முடியும்வரை அவளுக்கு வாசிக்க வரவில்லை. எழுத்துகள் குதிக்கின்றன என்பாள். நான் அவளுடைய புத்தகத்தைக் கலைமகள் படத்துக்கு முன்னால் வைத்து அழுதேன், திருவெம்பாவைக்கு நோன்பிருந்தேன். இவர், "கவனம் இல்லை, ஃபோனைப் பறியும்" என்றார். கலைமகள் தன் வேலையை ஒரு டெனிஷ் ஆசிரியையிடம் ஒப்படைத்திருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. பெரிய குரலும் களிமண் நிறச் சப்பாத்தும் உள்ள பெண். சோதித்துப் பார்த்து, இது சோம்பேறித்தனம் இல்லை, எழுத்தைப் பிடிக்கும் வழி இவளுக்கு வேறு என்று சொன்னார். முன்பு பாய்களும் பந்துகளும் அடைத்து வைத்த சின்ன அறையில், ஐந்தாறு பிள்ளைகளை இருத்தி, காதில் கேட்கவைத்து, விரலால் தடவவைத்து, ஒரு வருடத்தில் என் பிள்ளையை வாசிக்க வைத்தார். ஒருநாள் பஸ்ஸில் அவள் விளம்பரப் பலகை ஒன்றை உரக்க வாசித்தாள். பூச்சி மருந்து விளம்பரம். எனக்கு அது தேவாரமாகக் கேட்டது.

அந்த அறைதான் எனக்குப் பள்ளிக்கூடம். மிச்சக் கட்டிடம் அதைச் சுற்றிக் கட்டிய மதில்.

அடுத்த மாரிக் குளிரில் கொம்மூன் எங்கள் பள்ளிக்கூடத்தை மூடி, பெருந்தெருவுக்கு அப்பால் உள்ள பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்க்கப்போகிறது என்று அறிவித்தது. காரணம், பிள்ளைகள் குறைவு, சராசரி குறைவு. பெற்றோரின் கருத்தைக் கேட்க, கொம்மூனின் பள்ளிக்கூடக் குழுத் தலைவர் எங்கள் மண்டபத்துக்கு வருவதாகச் சொன்னார்கள். மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், டெனிஷில்: "அங்கே அந்த அறை இருக்குமா?" சபையில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

வீட்டில் கதைத்தபோது இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவ்வளவு பெரிய மனுசன் வாறார். வெறுங்கையோடயோ வரவேற்கிறது?"

"அவர் பள்ளிக்கூடத்தை மூட வாறாரப்பா."

"அதுக்குத்தான் சொல்லுறன். முதல்ல மரியாதை. பிறகு கேள்வி. பொன்னாடை போட்ட ஆளுக்கு இல்லையெண்டு சொல்ல வாய் வராது. கோயிலுக்கு எத்தினை பேரிட்ட இப்பிடிக் காசு வாங்கினனாங்கள்?"

சொல்ல வெட்கம்தான், எனக்கும் அது சரியாகவே பட்டது. நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். கோயில் அலுமாரியில் ஒரு பொன்னாடை இருந்தது. போர்த்தப்பட்டவர்கள் போகும்போது விட்டுச் செல்ல, அது பல தோள்களைக் கண்ட பழைய அனுபவசாலி. சுப்பர்மார்க்கெட்டில் செவ்வந்தி வாங்கி, மூன்று பெண்கள் சேர்ந்து மாலை கட்டினோம்.

குழுத் தலைவர் சைக்கிளில் வந்தார். வாசலில் பன்னீர், சந்தனம். மனுசன் பனை உயரம். என் வீட்டுக்காரர் கதிரையில் ஏறி மாலை போட்டார், பொன்னாடை போர்த்தினார், எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்.

மாலை விழுந்தவுடன் கழற்றி மேசையில் வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. கழற்றினால் எங்களை அவமதித்ததாகிவிடும் என்று பயந்து, கூட்டம் முடியும்வரை மாலையும் பொன்னாடையுமாக, ஊர்வலத்துக்கு வெளிக்கிட்ட சுவாமிபோல் இருந்தார். செவ்வந்தி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தும்மினார், கண்ணைத் துடைத்தார், மறுபடி தும்மினார். என் முறை வந்தபோது அந்த அறையைப் பற்றி எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். என் பேச்சின் நல்ல இடங்கள் எல்லாம் அவருடைய தும்மலுக்குள் போய்விட்டன.

அடுத்த நாள் பத்திரிகையில் படம். கீழே, பெற்றோர் நன்றி தெரிவித்ததாகவும் தலைவர் கண் கலங்கியதாகவும் எழுதியிருந்தது. சபைத் தலைவி தொலைபேசியில் கூப்பிட்டார். குதிரைப் பொறுமை முடிந்திருந்தது.

"நாங்கள் இதை எதிர்க்கிறோம் என்றுதானே நான் நினைத்தேன்?" என்றார்.

"எதிர்க்கிறோம்தான்."

"எதிர்ப்பு இப்படியென்றால், ஆதரவாக இருந்தால் என்ன செய்வீர்கள்?"

ஓகூஸ் நகரிலிருந்து என் தங்கை தொலைபேசி எடுத்தாள். "அக்கா, பள்ளிக்கூடத்தை மூடுறதுக்குப் பாராட்டு விழா வச்சியளாமே?"

மகள் அந்தக் கிழமை முழுக்க என்னோடு எந்த மொழியிலும் கதைக்கவில்லை.

வாக்கெடுப்பு வந்தது. மூடுவதாக முடிவு. குழுத் தலைவரும் மூடவே கை தூக்கினார். பொன்னாடையையும் கொண்டு போனார், பள்ளிக்கூடத்தையும் கொண்டு போனார். நான் சுவாமி அறைக்குள் போய்ப் பிள்ளையாரை ஒரு பார்வை பார்த்தேன். அன்றைக்கு மோதகம் இல்லை.

பிறகு ஒரு பகல் அதிபர் என்னைக் கூப்பிட்டார். போனால், அவருடைய அறையில் குழுத் தலைவர் கடைப்பை ஒன்றோடு நிற்கிறார். கொம்மூன் அரசியல்வாதிகள் அன்பளிப்பு வைத்திருக்கக் கூடாதாம், அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். பொன்னாடையைத் திருப்பித் தர வந்திருந்தார். அதைக் கழுவி, இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி, நாலாக மடித்திருந்தார். அதன் வாழ்நாளில் முதல் முழுக்கு அதுவாகத்தான் இருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு வேறொன்று வந்தது.

"இதைத் திருப்பி வாங்க முடியாது" என்றேன். "எங்கள் சமயத்தில் அப்படி. போர்த்தியதைத் திருப்பி எடுத்தால் இரண்டு வீட்டுக்கும் ஆகாது. வேறொரு மதிப்பான ஆளுக்கு நீங்களே போர்த்த வேண்டும்."

எங்கள் சமயத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அந்த நிமிடத்தில் மட்டும் இருந்தது. பிள்ளையாரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன், அவரும் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை.

"யாருக்கு?" என்று குழுத் தலைவர் கேட்டார், மெய்யாகவே பயந்து.

"வாருங்கள்" என்று அந்தச் சின்ன அறைக்குக் கூட்டிப் போனேன். ஆசிரியையும், என் மகளோடு ஐந்தாறு பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். கதவில் தட்டினோம். குழுத் தலைவர் பொன்னாடையை விரித்தார், தலைகீழாகத்தான், ஆனாலும் போர்த்தினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். போவதற்குத் திரும்பினார்.

"இன்னும் முடியவில்லை. போர்த்தப்பட்டவர் பேச வேண்டும். போர்த்தியவர் இருந்து கேட்க வேண்டும்" என்றேன். இது உண்மையான வழக்கம்.

இருக்கப் பிள்ளைகளின் கதிரைதான் இருந்தது. முழங்கால் காதில் முட்ட அதில் இருந்தார். ஆசிரியை கொம்மூனிடம் சொல்ல எவ்வளவு காலம் சேர்த்து வைத்திருந்தாரோ, தோளில் பொன்னாடையோடு எல்லாவற்றையும் சொன்னார். ஒரு பிள்ளை எப்படி உள்ளே வந்தது, எப்படி வெளியே போகிறது, இந்தப் பிள்ளைகள் ஏன் சராசரியைக் கீழே இழுக்கிறார்கள், இழுத்தாலும் ஏன் பரவாயில்லை. பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் வாசித்தார்கள். என் மகளின் முறை வந்ததும் அவள் எழும்பி வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"அது என்னுடைய கதிரை" என்றாள்.

மனுசன் எழும்பி நிலத்தில் இருந்தார். அவள் வளைக்கரடியைப் பற்றி ஒரு பக்கம் வாசித்தாள். இரண்டு இடத்தில் தடக்கினாள், தானே திருத்தினாள். மணி அடிக்கும்வரை அவர் போகவில்லை.

அந்த முறை தும்மல் இல்லை.

கோடையில் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. ஆனால் பெரிய பள்ளிக்கூடத்துக்கான திட்டத்தில் ஒரு வரி கூடியிருந்தது. வாசிப்பு அறை, அதே ஆசிரியையோடு, அப்படியே மாறும் என்று. அப்படியே மாறியது. அந்தக் கதிரையும் வந்தது.

பொன்னாடையின் மகிமை என்று இவர் இன்றைக்கும் கோயிலில் சொல்கிறார். சபை கொம்மூனுக்கு அனுப்பிய நீண்ட எதிர்ப்புக் கடிதத்தால்தான் என்று மிருக வைத்தியர் சொல்கிறார். நான் பிள்ளையாரைச் சொல்வேன். மகள், "அம்மா, அந்த மனுசனுக்கு இடுப்பும் நாரியும் பிடிச்சிருக்கும்" என்கிறாள், டெனிஷில்.

அவள் இப்போது ஜிம்னாசியம் என்கிற உயர்தரப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அங்கேயும் சராசரியை உயர்த்தவில்லை. ஆனால் வாசிக்கிறாள், சாப்பிடும்போதும் வாசிக்கிறாள், ஏச வேண்டியிருக்கிறது. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாததால் இதை நான் வாசித்துக் காட்டினேன். மாலை அவ்வளவு வடிவாக இருக்கவில்லை என்று மட்டும் திருத்தினாள்.

ஹ்விடோவ்ரேக் கதையில் தலைவர் அழுகிறார். ஓகூஸ் கதையில் பள்ளிக்கூடம் தப்பிவிடுகிறது. ஊரில் சொல்லும் கதையில் அவர் திருநீறு பூசி மச்சம் மாமிசம் சாப்பிடுவதை விட்டுவிட்டாராம். வாசிக்கிற உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், யாருக்காவது சொன்னால் இருந்தபடி சொல்லுங்கள். தும்மலைக் கண்ணீராக்க வேண்டாம். பள்ளிக்கூடம் மூடித்தான் போனது. அறை மட்டும் இருக்கிறது. நானும் இன்னும் உயிரோடு இருக்கிறேன்.