பின் சீட்டு காலி

பின்பக்க இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நான்கு நொடி நிற்கிறார் பக்கிரி. யாரும் ஏறவில்லை. ஏறுவதற்கு யாரும் இல்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுச் சுற்றி வந்து ஸ்டியரிங் முன் உட்காருகிறார்.

"யாருக்குயா தொறந்து வுட்ட?" வாசல் தெளித்துக்கொண்டிருந்த மனைவி மஞ்சுளா கேட்கிறாள்.

"கை தானா போவுது. வுடு."

கரிக்கலாம்பாக்கத்தில் பக்கிரியைத் தெரியாதவர் கிடையாது. கார் வைத்திருப்பவர்கள் தூரப் பயணம் என்றால் கூப்பிடும் ஆக்டிங் டிரைவர். வயது ஐம்பத்து மூன்று. அதில் இருபத்தேழு வருஷம் அடுத்தவர் வண்டியில் கழிந்தது. கொடைக்கானல், ஏற்காடு, ஒகேனக்கல் என்று எந்த ஊரைச் சொன்னாலும், எங்கே நிழலில் வண்டி போடலாம், வழியில் எந்த பங்க்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று மூச்சு விடாமல் சொல்வார். வாந்தி எடுக்கப்போகிற குழந்தையைக் கண்ணாடியிலேயே கண்டுபிடித்து, எலுமிச்சம்பழத்தைப் பின்னால் நீட்டுவார். ஒரு விஷயத்தில் மட்டும் கறார். ஈரத்துணியோடு யாரும் சீட்டில் உட்காரக்கூடாது. "கலெக்டரா இருந்தாலும் ஷீட்டு போட்டுதான்" என்பார். அதற்கென்றே பிளாஸ்டிக் ஷீட்டு ஒன்றை டிக்கியில் மடித்து வைத்திருப்பார். போன பொங்கலுக்குச் சொந்தமாகப் பழைய கார் ஒன்றை வாங்கியபோது முதலில் டிக்கியில் வைத்ததும் அதைத்தான்.

போன மாதம் மகளின் புகுந்த வீட்டில் விருந்து. பேச்சு எங்கெங்கோ போய் ஒகேனக்கல்லில் வந்து நின்றது. "நம்ம சம்பந்திதான் நாப்பது தபா போயிருப்பாரே, அருவி எப்பிடிங்க இருக்கும்?" என்று ஒருவர் கேட்டார். பக்கிரி யோசித்தார். வண்டி போடுகிற இடத்தில் மூன்று புளியமரம் உண்டு, நடு மரத்தடியில் சாயங்காலம் வரை நிழல் நிற்கும் என்றார். பந்தியே சிரித்தது. மஞ்சுளா மட்டும் பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

பக்கத்து ஊரான பாகூரைத் தாண்டினாலே அவளுக்குத் தலை சுற்றும். காரில் கூட வரமாட்டாள். "ஒனக்குன்னு ஒருநாளு நீயே போய்ட்டு வா. அந்தத் தண்ணி ஒந்தலைல வுழணும். வுழலனா வூட்டுப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டாள்.

அதனால்தான் இந்தப் பயணம். வில்லியனூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று வண்டி அறுபதைத் தாண்டாமல் போனது. பின்னால் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்ளக்கூடாது என்பது பழைய பழக்கம். செங்கம் தாண்டி வழக்கமான பங்க்கில் நிறுத்தி, பெண்கள் கழிப்பறைப் பக்கம் பார்த்தபடி பத்து நிமிஷம் காத்திருந்தார். யாரும் வராததால் தானே இறங்கிப் போய்விட்டு வந்தார்.

ஒகேனக்கல்லில் பார்க்கிங் சீட்டு கிழிப்பவர் பழைய பழக்கம். "என்ன டிரைவரே, பார்ட்டி எங்க?"

"பின்னால வராங்க" என்று பக்கிரி வாய் கூசாமல் சொன்னார். வண்டியின் மூக்கு வெளியே பார்க்கும்படி நடுப் புளியமரத்தடியில் நிறுத்தி, ரேடியோவை மெல்ல ஓடவிட்டு, சீட்டைச் சாய்த்து, துண்டை முகத்தில் போட்டார். இரண்டே நிமிஷத்தில் தூங்கிப்போனார்.

மூன்று மணிக்குப் போன் எழுப்பியது.

"தண்ணி வுழுந்துச்சா?"

"ம்... வுழுந்துச்சி."

"அருவி சத்தமே கேக்கல, ரேடியோல பாட்டு கேக்குது. யோவ், வண்டிக்குள்ளயா படுத்துனு இருக்க?"

அவளே போனை வைத்துவிட்டாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தது. தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பினால் வேலை முடிந்தது. மூடியைத் திருகிக்கூட விட்டார். அப்போது கண்ணாடியில் பின் சீட்டு தெரிந்தது. துடைத்து வைத்தது போல் காலியாக இருந்தது. மூடியைத் திரும்பத் திருகி மூடினார்.

வண்டியைப் பூட்டிக் கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். பத்தடி போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்தார். பிறகு மீன் பொரிக்கிற புகையையும், எண்ணெய் தேய்க்கக் கூப்பிடுகிறவர்களையும் கடந்து, கூட்டத்தோடு நடந்தார். அருவியடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தபோது கழுத்து ஒடிந்துவிடும் போல இருந்தது. "அண்ணா, நகருங்கண்ணா, நாங்களும் குளிக்க வேணாமா?" என்று பின்னால் ஒருவன் கத்தினான். பக்கிரி நகரவில்லை.

திரும்பி வந்தபோது சட்டையும் பேண்ட்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

"என்ன டிரைவரே, நீங்க நனைஞ்சிட்டு வரீங்க? பார்ட்டி இன்னும் வரலையா?" என்றார் சீட்டு கிழிப்பவர்.

"வந்தாச்சி."

டிக்கியில் ஷீட்டு மடித்தது மடித்தபடியே கிடந்தது. பின்பக்க இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நான்கு நொடி நின்றார் பக்கிரி. பிறகு சொட்டச் சொட்ட உள்ளே ஏறி, முதுகு நன்றாக அழுந்தும்படி சாய்ந்து உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.