அரைச் சுற்று ஆட்டம்

12.03.1997 – ஏலத்தில் எடுத்த ஜீப் – ரூ. 41,500
04.09.2023 – பவர் ஸ்டியரிங் பாக்ஸ், பம்பு, ஆயில் குழாய்கள் – ரூ. 38,200
19.09.2023 – ஐந்து கியர் பெட்டி (பழையது) – ரூ. 46,000
06.10.2023 – ஷாஃப்ட் இரண்டும் அளவு மாற்றியது – ரூ. 11,400
30.10.2023 – கிரவுன் பினியன் (அச்சுப் பல்சக்கரங்கள்), முன்னும் பின்னும் – ரூ. 27,500
22.12.2023 – கூலி – ரூ. 32,000
08.02.2024 – கழற்றிய பழைய சாமான்கள், இரும்பு விலைக்கு, 112 கிலோ – வரவு ரூ. 3,584

உடையப்பனின் நோட்டில் ஜீப்புக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் இவ்வளவுதான் இருந்தது. முதல் வரியில் உள்ள பணம் அவருடையது. நடுவில் உள்ள ஒரு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரத்து நூறு ரூபாய் அவர் மகன் அரவிந்த்குமாருடையது. சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வலது கையின் இரண்டு விரல்களை ஓர் இரும்புத் தகட்டுக்கு அடியில் விட்டுவிட்டு வந்தவன் அவன். அதற்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு இது. கடைசி வரியைப் பற்றிப் பின்னாளில் அந்த வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

கந்தர்வக்கோட்டைக்குக் கிழக்கே, குளத்துக்கு அந்தப் பக்கம், அவர்களுக்கு ஆறு ஏக்கர் முந்திரிக்காடு இருந்தது. பக்கத்தில் பதினான்கு ஏக்கரைக் குத்தகைக்குப் பேசி வைத்திருந்தான் அரவிந்த்குமார். காட்டுக்குப் போக ஒரே வழி குளத்துக்கரை. ஒரு மழை பெய்துவிட்டால் கரை முழுக்கச் செம்மண் களி. லோடு ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் மட்டுமே ஏறி இறங்கும். ஆனால் நாற்பத்தைந்து வருடத்துப் பழைய ஸ்டியரிங்கை மூன்று விரல் கையால் திருப்ப முடியாது.

"வண்டி ஓடுச்சுன்னா இங்கயே கெடக்குறேம்மா. ஓடலன்னா என்னைய எதிர்பாக்காதீங்க" என்று தாய் சொர்ணவல்லியிடம் சொல்லியிருந்தான். அப்பாவிடம் அவன் அவ்வளவாகப் பேசுவதில்லை. பள்ளியில் சேர்க்கும்போது அவனுக்கு வயதில் மூன்று நாள் குறைந்தது. "பிறந்த தேதிய மூணு நாள் முன்னால போட்டுக்கலாம் சார்" என்று தலைமையாசிரியரே சொல்லியும் உடையப்பன் ஒப்பவில்லை. ஒரு வருடம் வீட்டில் இருந்தான். அன்றைக்குத் தொடங்கிய விலகல் அது.

ஜீப் அவர் வேலை பார்த்த அலுவலகத்து வண்டி. அங்கே இளநிலை உதவியாளராக இருந்தபோது அதன் லாக் புத்தகத்தை எழுதியவர் அவர்தான். எந்தத் தேதி, யார், எங்கே, எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் என்று பதினெட்டு வருடம் எழுதினார். ஒரு நாள்கூட அதன் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. ஏலம் விட்டபோது அதையே அவர் எடுத்து வந்ததும் சொர்ணவல்லி வாசலில் நின்று, "ஊருல வேற வண்டியே இல்லையா? ஆளக் கொன்ன வண்டி இது" என்றாள்.

ஜீப்பில் வேலை நடந்தது புதுக்கோட்டையில், இன்னாசியின் பட்டறையில். இன்னாசி ஒவ்வொரு மரையைக் கழற்றும்போதும் உடையப்பன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து எழுதினார். பழைய மூன்று கியர் பெட்டி இறங்கியது. அதைவிட நீளமான ஐந்து கியர் பெட்டி ஏறியது. பெட்டி நீண்டதால் எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பின் ஷாஃப்ட்டைக் குறைத்து முன் ஷாஃப்ட்டைக் கூட்ட வேண்டியிருந்தது. ஸ்டியரிங் பாக்ஸைப் பிடித்து நிற்க வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் ஒரு தடித்த தகட்டை வெல்டு வைத்தார் இன்னாசி. தகட்டின் கனம் எட்டு மில்லிமீட்டர் என்று நோட்டில் ஏறியது.

"ஐயா, நான் டீ குடிச்சதையும் எழுதிருக்கீங்களா?" என்றார் இன்னாசி.

"எழுதிருக்கேன். இன்னைக்கு ரெண்டு."

"மூணுங்க. நீங்க ஒண்ணுக்குப் போயிருந்தப்ப ஒண்ணு குடிச்சேன்."

உடையப்பன் மூன்று என்று திருத்தினார். அரவிந்த்குமார் சிரித்தான். அந்த நான்கு மாதத்தில் அப்பாவும் மகனும் ஒரே நேரத்தில் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

டிசம்பர் கடைசியில், மழை ஈரம் காயாத கரையில், ஜீப்பை முதல் தடவையாக ஏற்றினான். ஸ்டியரிங்கை உள்ளங்கையால் தள்ளியே திருப்பினான். களியில் இறங்கிய சக்கரம் வழுக்காமல் கடித்து மேலேறியது. அந்தப் பக்கம் இறங்கி, வண்டியை அணைத்துவிட்டு, மூன்று விரல் கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பக்கத்துச் சீட்டில் இருந்த உடையப்பன் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டார்.

கழற்றிய சாமான்களைச் சாக்கில் கட்டிக் கொடுத்த இன்னாசி, "மூலையில கெடக்கட்டும், என்னைக்காவது ஒதவும்" என்றிருந்தார். ஆனால் அந்தப் பழைய ஸ்டியரிங் பாக்ஸ் வீட்டில் கிடப்பது உடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. பிப்ரவரி எட்டாம் தேதி, மகன் காட்டுக்குப் போயிருந்தபோது, பழைய இரும்பு வியாபாரியைக் கூப்பிட்டுக் கியர் பெட்டி, ஷாஃப்ட் துண்டு என்று எல்லாவற்றையும் எடை போட்டுக் கொடுத்தார். வியாபாரியின் வண்டி தெரு முனை திரும்பும்வரை நின்று பார்த்தார்.

ஜீப்பின் பதிவு ஜூன் முப்பதோடு முடிவதாக இருந்தது. புதுப்பிக்கிற விண்ணப்பத்தை மே இருபதாம் தேதி செல்போனிலேயே நிரப்பி அனுப்பினான் அரவிந்த்குமார். வாகனத்தில் மாற்றம் ஏதும் செய்யப்பட்டதா என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டான்.

"மாத்தியிருக்கோமே" என்றார் உடையப்பன்.

"ஊருல எல்லாரும் அப்படித்தான்பா போடுறாங்க. பானெட்டத் தெறந்துகூட பாக்க மாட்டாங்க. நீங்க சும்மா இருங்க."

"நாளைக்கு அந்தக் கரையில ஏதாவது ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? பேப்பர்ல ஒண்ணு, வண்டில ஒண்ணு இருந்தா எவன் கேப்பான் ஒன் பேச்ச?"

"ஒண்ணும் ஆகாதுப்பா."

முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் திருப்பதியும் அதைத்தான் சொன்னான். உடையப்பனின் அலுவலகத்து டிரைவர் அவன். ஸ்டியரிங்கில் அரைச் சுற்று ஆட்டம், அவ்வளவு திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறது என்று உடையப்பன் மூன்று தடவை லாக் புத்தகத்தில் எழுதியும் பழுது பார்க்க மேலிடம் பணம் ஒதுக்கவில்லை. 1989 ஐப்பசியில், அதிகாரி வீட்டு விசேஷத்துக்குக் கட்டுமாவடியிலிருந்து மீன் வாங்கி வர இதே ஜீப்பை எடுத்துப் போனான். "ஒண்ணும் ஆகாதுண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். திரும்பும்போது ஒரு வளைவில் சக்கரம் திரும்பவில்லை. வண்டி ஓடைக்குள் கவிழ்ந்து, அங்கேயே செத்துப்போனான். மறுநாள் காலை அதிகாரி உடையப்பனின் மேசைக்கே வந்தார். அன்று ஜீப் வேலையில்லாமல் கொட்டகையில் நின்றதாகவும், அதை டிரைவர் யாரிடமும் சொல்லாமல் எடுத்துப் போனதாகவும் லாக் புத்தகத்தில் எழுதச் சொன்னார். உடையப்பன் எழுதினார். அந்த ஒரு வரியால் திருப்பதியின் மனைவிக்கு இழப்பீடாக ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. உடையப்பன் வாழ்நாளில் எழுதிய ஒரே பொய் வரி அது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும் இல்லை, மகனிடமும் இல்லை.

மே இருபத்து நான்காம் தேதி நான்கு பக்கக் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். விண்ணப்பத்தில் 'இல்லை' என்றது தவறு, உள்ளபடி விவரம் கீழே என்று தொடங்கி, பாக்ஸ் நம்பர், கியர் பெட்டி நம்பர், பினியனின் பல் எண்ணிக்கை, எட்டு மில்லிமீட்டர் தகடு என அத்தனையும் எழுதினார். மகனிடம் சொல்லவில்லை.

ஜூன் பதினொன்றாம் தேதி வண்டியைக் காட்டப் போனார்கள். ஆய்வாளர் நடுவயதுக்காரர். ஜீப்பைச் சுற்றி வந்தார். "இந்த வயசுல வண்டி இப்படி நிக்கிறது அதிசயங்க" என்றார். தானே ஏறி ஓட்டிப் பார்த்து, ஒரு விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றிவிட்டு, அரவிந்த்குமாரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மேசைக்குப் போய்க் கோப்பைத் திறந்தார். உள்ளே நான்கு பக்கம் இருந்தது. உட்கார்ந்து படித்தார்.

"பெரியவரே, இது ஒங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"அனுமதி வாங்கிட்டுல்ல மாத்தியிருக்கணும். சேசிஸ்ல வெல்டு வச்சிருக்குன்னு நீங்களே எழுதிருக்கீங்க. இதப் படிச்சதுக்கப்புறம் நான் எப்படிங்க கையெழுத்துப் போடுவேன்?" அவர் குரலில் கோபம் இல்லை. "பழைய சாமான மறுபடி மாட்டிக் கொண்டாங்க. அன்னைக்கே முடிச்சுத் தாரேன்."

வெளியே வேப்பமரத்தடியில் அரவிந்த்குமார் கேட்டான். "பழைய பாக்ஸ் எங்கப்பா?"

"பிப்ரவரி எட்டாம் தேதி போட்டாச்சு. நூத்திப் பன்னெண்டு கிலோ."

அவன் சிரித்தான். "கிலோவச் சொல்றாரு பாரு" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னான். அப்புறம் வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "அது இருந்தாலும் இந்தக் கை அதத் திருப்பாது. எழுதிக்கங்க."

வீட்டில் சொர்ணவல்லி அன்று அடுப்புப் பற்ற வைக்கவில்லை. "ஏங்க, அவன் போட்டது ஒரே ஒரு வார்த்த. அதக்கூட ஒங்களால சும்மா விட முடியலயே."

இன்னாசி ஊர் ஊராக விசாரித்தார். அந்த வருடத்து ஸ்டியரிங் பாக்ஸ் எங்கும் கிடைக்கவில்லை. மாற்றிய வண்டிக்குச் சோதனைச் சான்று வாங்க ஜீப்பின் விலையைவிடக் கூடுதலாகச் செலவாகும் என்றார்கள். குத்தகைக்குப் பேசிய பதினான்கு ஏக்கர் வேறு ஆளுக்குப் போனது. செப்டம்பர் இரண்டாம் தேதி காலை பஸ்ஸில் அரவிந்த்குமார் ஓசூருக்குப் போனான். அங்கே ஒரு குடோனில் வாசல் காவல் வேலை. உள்ளே வருகிற வண்டி, வெளியே போகிற வண்டியின் நம்பரையும் நேரத்தையும் நோட்டில் எழுத வேண்டும். இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருப்பதாக அம்மாவிடம் போனில் சொன்னான். அப்பா பக்கத்தில் இருக்கிறார், பேசுகிறாயா என்று அவள் கேட்டதற்கு, டூட்டி நேரம் என்றான்.

உடையப்பன் போக்குவரத்துத் துறையின் மேலலுவலகத்துக்கு இரண்டு முறையீடு எழுதினார். முதலாவதில் விதிகள் இருந்தன. அக்டோபரில் எழுதிய இரண்டாவதில் 1989 ஐப்பசியை எழுதினார். ஜீப் கொட்டகையில் நிற்கவில்லை என்றும், நின்றதாக எழுதியது தன் கை என்றும், இறந்தவன் பெயர் திருப்பதி என்றும், அதனால்தான் இந்த முறை ஒன்றையும் மறைக்க முடியவில்லை என்றும் எழுதினார். முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னது முகம் தெரியாத ஓர் அலுவலகத்திடம். நகலை மகனுக்கு அனுப்ப ஓர் உறையில் ஓசூர் முகவரியும் எழுதினார். அந்த உறை இன்னும் நோட்டுக்குள்தான் இருக்கிறது.

ஜீப் கொட்டகையில் நிற்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை அதில் ஏறி, எஞ்சினைக் கிளப்பி, இருந்த இடத்திலேயே ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். துளி ஆட்டம் இல்லை.

பதில் ஒரு பக்கம்தான். மனுதாரரே 24.05.2024 தேதியிட்ட தமது கடிதத்தில் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளபடி என்று தொடங்கி, அவருடைய வரிகளையே, பல் எண்ணிக்கையும் தகட்டின் கனமும் பிசகாமல், எடுத்து எழுதியிருந்தார்கள். பதிவைப் புதுப்பிக்க இயலாது, இதுவே இறுதியானது. கடைசிக்கு முந்திய வரியில், 1989ஆம் ஆண்டு தொடர்பாகக் குறிப்பிட்டுள்ள விவரங்கள் இம்மனுவுக்குத் தொடர்பற்றவை என்று இருந்தது.

உடையப்பன் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு நோட்டை எடுத்து, வரவு மூவாயிரத்து ஐந்நூற்று எண்பத்து நான்குக்குக் கீழே எழுதினார்:

கடிதம் கிடைத்தது – 27.01.2025.