பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் பேசிய இங்கிலீஷ்

அக்காவைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, இரும்புலியூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான் நால்வரும் இருந்தோம். சேலையூரிலிருந்து மாப்பிள்ளை தன் அப்பா அம்மாவோடு வந்திருந்தார். வராதவர் சித்தப்பா மட்டும்தான். எங்கள் குடும்பத்தில் பேரம் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவர். அன்று பார்த்து மீன் எடுக்கக் கோவளத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் கேட்டது நான்கு சவரன். தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அப்பாவால் முடிந்தது மூன்று. நேரில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். பேச வேண்டியவர் கோவளத்தில் இருந்ததால் அப்பா என்னை இறக்கினார். நான் இரண்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம்; எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள். படிப்பு உள்ள வீடு என்று தெரிந்தால் மரியாதைக்காவது ஒரு சவரன் குறைப்பார்கள் என்பது அப்பாவின் நம்பிக்கை.

"டேய், இங்கிலீஷ்ல நாலு வார்த்த பேசிக் காட்றா. உங்க மிஸ்ஸு எப்டிப் பேசுவாங்களோ அதே மாரி."

எங்கள் மிஸ் பாடத்தைத் தமிழில்தான் நடத்துவார். கோபம் வந்தால் மட்டும் இங்கிலீஷ். மக்குப் பிள்ளைக்கும் அடம்பிடிக்கிற பிள்ளைக்கும் சேர்த்து அவரிடம் ஒரு வரிசை இருந்தது. தினமும் வாங்கி வாங்கி எனக்கு அது மனப்பாடம். அர்த்தம் தெரியாது. மிஸ்ஸைப் போலவே இடுப்பில் ஒரு கை வைத்து, எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பாவை நோக்கி விரலை நீட்டி, மூச்சு விடாமல் சொன்னேன்:

"யூ டஃபர்! யூ டன்ஸ்! யூ ப்ளாக்ஹெட்! யூ ஸ்டபர்ன் மியூல்!"

ஒவ்வொன்றுக்கும் அவர் பெருமையாகத் தலையாட்டினார். மாப்பிள்ளையின் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாமா பேசுது பாரேன்!" என்று கை தட்டினார். எங்கள் அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மாப்பிள்ளைக்கு மட்டும் புரையேறியது. நான் படிக்கும் பள்ளியில்தான் அவரும் ஐந்தாவது வரை படித்திருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் குடித்துவிட்டு என் காதருகே குனிந்தார். "அதே மிஸ்ஸா? கடைசி ஒண்ண வுட்டுட்டியே மச்சான்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "யூ நின்கம்பூப்!" என்று கத்தினேன்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்மந்தி, இல்லாதப்பட்டவங்கன்னு நெனச்சிக்கினு நாலு கேட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. புள்ளைய இந்த ரேஞ்சுல படிக்க வைக்கிற ஆளு, பொண்ணுக்கு நாலு போட்டா உங்களுக்குத்தான் அசிங்கம். அஞ்சா போட்ருங்க."

அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கேசரியைப் பார்த்தார். இன்று அவர் எனக்கு மாமா. அப்போது ஏன் வாய் திறக்கவில்லை என்று நானும் கேட்டதில்லை.

நான் அதை எனக்குப் போட்ட மார்க் என்றே எடுத்துக்கொண்டேன். ஐந்து வார்த்தைக்கு ஐந்து. இன்னொன்று தெரிந்திருந்தால் ஆறே வாங்கியிருப்பேன் என்று, அவர்கள் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா காதுக் கம்மலின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கம்மலையும் சேர்த்து, ஐந்து சவரன்.