ஏழுமலையின் கையுறை

அந்தக் கையுறையைக் கொடுத்தது நான்தான். அது தொலையவில்லை. பசையில் நைந்து கிழியவும் இல்லை. ஓர் உறையிலிட்டு, அதைத் தொடவே உரிமையில்லாத ஒருவனிடம் என் கையாலேயே கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன்!

ஆறு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மன்னிக்க வேண்டும் என்பதற்காக அல்ல. மன்னிப்பதற்கு நீங்கள் யார்? அந்தக் கையுறை ஒட்டிய ஓவியத்தின் முன்னால் நின்று கண் கலங்கியவர்களில் நீங்களும் ஒருவராக இருந்திருக்கலாம்...

நான் மனித உருவங்களை வரைபவள். புனேயில், போபோடியில் பிறந்தேன். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பாவுக்குக் கட்கியில் தொழிற்சாலை வேலை. எங்கள் சந்தில் தண்ணீர் பிடிக்கும் பெண்களையும், ஷிப்ட் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் ஆண்களையும் இருபது ஆண்டுகள் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். கேலரிக்காரர்கள் பார்த்துவிட்டு, "இன்னுமா உருவம் வரைகிறீர்கள்?" என்று கேட்டார்கள். முகம் வரைவது ஏதோ தீராத வியாதி என்பதைப் போல!

அதன் பிறகு ஒட்டத் தொடங்கினேன். காக்கிச் சட்டையின் பை, பஸ் டிக்கெட்டுகள், உப்புத்தாள், கோதுமைச் சாக்கின் துண்டு... வரைந்த உடல்களின் மேல், அந்த உடல்கள் தொட்ட பொருள்கள். அதே ஆட்கள் ஓடி வந்தார்கள். கலப்பு ஊடகமாம்! துணிச்சலாம்! அதே முகங்கள்தான், அதே சந்துதான். ஒரு கந்தல் துணியை ஒட்டியதும் நான் கலைஞராகிவிட்டேன்.

ஏழுமலை எங்கள் எதிர் வீட்டுக்காரன். என்னைவிடப் பத்து வயது இளையவன். புனேக்கு வெளியே ரஞ்சன்காவில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலி. ஒரு நாள் தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரம் அவன் வலது கையிலிருந்து மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது.

நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? இவன் வளாகத்தைக் கூட்டிப் பெருக்க வந்தவன், இயந்திரத்தின் பக்கமே போனதில்லை என்று சொன்னது! இவனை வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரன் ஊரைவிட்டே போய்விட்டான். உடன் நின்றவர்கள் வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

அவனிடம் எஞ்சியிருந்தது அன்று அணிந்திருந்த கையுறை ஒன்றுதான். மணிக்கட்டுப் பட்டையில் நிறுவனத்தின் முத்திரை. அதன் கீழே, அழியாத மையில் பிரஸ் பிரிவின் பெயரும் அவனுடைய டோக்கன் எண்ணும்.

அவனை வரைய வேண்டும் என்று நானேதான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என் முன்னறை ஸ்டூலில் உட்கார்ந்தான். இரண்டாவது ஞாயிறு, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, கைய முழுசா போட்டுடேன்க்கா. அஞ்சு வெரலும்."

"ஏம்ப்பா?"

"எம் பொண்ணு வந்து பாக்கும் இல்ல..."

"பொய்யா வரைய மாட்டேன், ஏழுமலை. உள்ளது உள்ளபடிதான் வரைவேன்."

எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன்! ஒரு தகப்பனின் ஆசை எனக்குப் பொய்யாகத் தெரிந்தது. அவன் தலையாட்டினான். அதோடு விட்டேனா? அந்தக் கையுறையையும் கேட்டேன்.

வெகு நேரம் யோசித்தான். "வக்கீல் கேட்டா குடுக்கணும்க்கா. கேஸுக்கு அது ஒண்ணுதான் இருக்குது. பத்திரமா வச்சிக்குவியா?"

"என் உயிர் மாதிரி வச்சிப்பேன்ப்பா," என்றேன்.

வெட்டுப்பட்ட கையின் மேல் அதை ஒட்டினேன். முத்திரை இருந்த பக்கம் கேன்வாஸோடு ஒட்டிக்கொண்டது. வெளியே தெரிந்தது பழுப்பேறிய துணியும், நசுங்கித் தொங்கும் மூன்று வெற்று விரல்களும் மட்டுமே. கண்காட்சியில் அந்த ஓவியத்தைச் சுற்றி எப்போதும் கூட்டம் நின்றது. என் பெயர் நாளிதழில் வந்தது. பேட்டி எடுக்க வந்த பெண்ணிடம் பெருமை தாளாமல் உளறினேன்... "இது நிஜக் கையுறை. ரஞ்சன்காவில் ஒரு விபத்தில் கிடைத்தது."

மூன்றே வாரங்களில் ஒருவன் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, தாழ்ந்த குரல். ஹடப்சரில் உள்ள தங்கள் தலைமை அலுவலகத்தின் வரவேற்புக் கூடத்துக்கு அந்த ஓவியம் வேண்டும் என்றான். அவன் நீட்டிய அட்டையைப் படித்தேன். ஏழுமலையின் விரல்களை எடுத்த அதே நிறுவனம்!

"மேடம், ஹாத் பூரா சாஹியே," என்றான் சிரித்துக்கொண்டே. கை முழுதாக வேண்டுமாம். வருகிறவர்கள் மனம் சங்கடப்படக் கூடாதாம். கையுறையைப் பிரித்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நல்ல கையை வரைந்து தர வேண்டும். பிரித்ததையும் தங்களிடமே தந்துவிட வேண்டும், ஓவியத்தின் பகுதிதானே!

அவனை வெளியே போ என்று சொல்லியிருக்க வேண்டாமா? நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் சரி என்றேன்.

ஏன்? பணத்துக்காக என்று நீங்கள் நினைத்தால் என்னைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். என்னோடு படித்தவர்களின் அறிமுகக் குறிப்புகளில் எல்லாம், அவர்களுடைய ஓவியங்கள் எந்தெந்த நிறுவனங்களின் சேகரிப்பில் உள்ளன என்று ஒரு வரி இருக்கும். என் குறிப்பில் அந்த வரி இல்லை. ஐம்பது வயதில் எனக்கு அந்த ஒரு வரி வேண்டியிருந்தது... அவ்வளவுதான்!

வெந்நீரில் நனைத்த துணியை வைத்து, கத்தி முனையால் மெல்ல மெல்லப் பிரித்தேன். முத்திரை கலையாமல் இருந்தது. பிரிவின் பெயர், டோக்கன் எண், எல்லாம் துல்லியமாக இருந்தன. பகல் வெளிச்சத்தில் அவற்றை வாய்விட்டே படித்தேன். எதிர் வீட்டில் ஏழுமலையின் மனைவி பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து அடி நடந்தால் அவர்கள் வாசல். நடக்கவில்லை. கையுறையை உறையிலிட்டு ஒட்டினேன்.

பிறகு ஐந்து விரல்களை வரைந்தேன். நன்றாகவே வரைந்தேன். நான் வரைந்த கைகளிலேயே அதுதான் சிறந்த கை. அதைச் சொல்லவும் வாய் கூசவில்லை, பாருங்கள்!

அடுத்த மாதம் ஏழுமலை வந்தான். "அக்கா, வக்கீல் கையுறைய எடுத்தாரச் சொல்றாரு."

"பசையில நைஞ்சு போச்சுப்பா... பிரிக்கும்போதே துண்டு துண்டா வந்துடுச்சு."

அவன் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ? தெரியவில்லை. அவன் கோபப்படவில்லை. "நீ இன்னாக்கா பண்ணுவே, பழைய துணி," என்று எனக்கே சமாதானம் சொல்லிவிட்டுப் போனான்.

ஆதாரம் இல்லாமல் வழக்கு நிற்கவில்லை. கருணைத் தொகை என்று எதையோ வாங்கிக்கொண்டு, இனி உரிமை கோர மாட்டேன் என்று எழுதிக்கொடுக்க அவனை ஹடப்சருக்கு வரச் சொன்னார்கள். வரவேற்புக் கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் அவனே தொங்கிக்கொண்டிருந்தான்!

அன்று மாலை நேராக என்னிடம் வந்தான்.

"பாத்தேன்க்கா. அஞ்சு வெரலும் இருக்குது."

அவன் உட்கார ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். அவன் உட்காரவில்லை.

"நான் கேட்டப்ப முடியாதுன்னியே..." என்றான். பிறகு, "பரவால்லக்கா. நல்லா வந்துகிது," என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் என் ஓவியத்தை வாங்கவே இல்லை! கையுறையைத்தான் வாங்கினார்கள். நாற்பது சதுர அடிக் கேன்வாஸும், இருபது ஆண்டு உழைப்பும் அவர்களுக்கு அந்தத் துணியைச் சுற்றிவந்த காகிதம்! ஆத்திரம் பொங்கியது.

எதற்காக ஆத்திரம்? இதையும் சொல்லியாக வேண்டும். அவன் ஏமாற்றப்பட்டதற்காக அல்ல... என் ஓவியம் அவமதிக்கப்பட்டதற்காக! அவன் என் எதிரில் நின்றுகொண்டிருந்தான். நான் எனக்காகக் கொதித்துக்கொண்டிருந்தேன். நிறுவனத்தைத் திட்டுகிறேனே, இதில் அவர்களைவிட நான் எந்த விதத்தில் மேல்?

இப்போது ஏழுமலை என் ஸ்டூடியோவில் வேலை செய்கிறான். சட்டகங்களைத் துடைப்பான், வருகிறவர்களுக்குச் சாய் கொண்டுவந்து தருவான். ஊனமுற்ற தொழிலாளிக்கு வாழ்வளித்த கலைஞர் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அதை நறுக்கி அவன் மனைவி வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் அவள் என்னைக் கும்பிடுகிறாள். நிறுத்தச் சொல்லவும் எனக்குத் தைரியமில்லை.

இதைத் தமிழில் எழுதுவதை மொழிப்பற்று என்று எண்ணிவிடாதீர்கள்! ஏழுமலைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவனும் மனைவியும் மராத்திப் பள்ளியில் படித்தவர்கள். அவன் மகளுக்குத் தமிழ்ப் பேச்சே திக்கித்திக்கித்தான் வரும். இந்த நகரத்தில் இதை ஒளிக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

சற்று முன், நான் எழுதிக்கொண்டிருக்கையில், சாய் டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னாக்கா எழுதினுகீறே?"

"உன்னைப் பத்திதான்."

முகமெல்லாம் மலர்ந்தது. டம்ளரை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். "படிச்சிக் காட்டுக்கா."

இந்தத் தாள்களைக் கையில் எடுத்தேன். ஏழுமலை என்பவன் பொறுமைசாலி என்றும், அவனைப் போன்றவர்களை வரைந்ததால்தான் என் வாழ்க்கைக்கு ஒரு பொருள் கிடைத்தது என்றும், இதில் இல்லவே இல்லாத வரிகளைப் படித்தேன். நடுவில் ஒரு தாளைப் புரட்டவும் செய்தேன்.

"இன்னொரு தபா படிக்கா," என்றான்.

படித்தேன்.