செண்பகம் தேடிக்கொடுத்த வீடுகள்

ராஜபாளையத்தில் பஸ் ஏறப் போகும்போதுதான் போன் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அரிசிக் கடை வைத்திருக்கும் ஜெய்லானி பாய் பேசினார். "அக்கா போயிட்டாக. டீ குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சவிய எந்திரிக்கல" என்றார். செண்பகம் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் அவர். நான் அழுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "மணி எங்க இருக்கு?" என்பதுதான். மணி, அக்கா வளர்த்த நாய். அக்காவை அறிந்த உங்களில் பலரும் அன்று அதையே கேட்டிருப்பீர்கள்.

பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் நானும் அவரும் ஒரே மேஜையில் துணி சரிபார்த்தோம். இழை விலகிய துணிகளை முதலாளியிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்துப்போவார். லாரியில் அடிபட்ட ஆடு, கிணற்றில் விழுந்த பூனை, காது அறுந்த நாய் என்று அவர் வீட்டில் எப்போதும் யாராவது கட்டுப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். அவரைத் தவிர அந்த வீட்டில் வேறு மனிதர் கிடையாது. "தனியாவா இருக்கீக?" என்று யாராவது கேட்டால், "எங்கிட்டு? உக்கார இடமில்ல" என்பார்.

மணி வந்த கதையை நான் நேரில் பார்த்தேன். ராஜபாளையம் நாய்க்குட்டிகளில் சில, காது கேளாமல் பிறக்கும். அவற்றை வாங்க ஆள் வராது. அப்படி ஒரு வெள்ளைக் குட்டியை யாரோ கூடையில் வைத்து எங்கள் கம்பெனி வாசலில் விட்டுப் போயிருந்தார்கள். அக்கா கூடையோடு பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர், "நாய்க்கெல்லாம் டிக்கெட் கிடையாதும்மா, எறங்குங்க" என்றார். "டிக்கெட் இல்லன்னா ஓசிதான? பொறவு என்ன, விசில் அடிங்க" என்றார் அக்கா. பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துக்கொண்டே விசில் அடித்தார்.

சென்ற ஆண்டு மருத்துவர் அவருடைய இதயம் பலவீனமாக இருப்பதைச் சொன்னார். ஒரு வாரம் கழித்து மதிய உணவின்போது அக்கா, "நான் போன பொறவு இதுகள ஆளுக்கொண்ணாப் பிடிச்சிட்டுப் போனா அதுக அனாதை. நான் இருக்கையிலேயே குடுத்தேன்னா கல்யாணம் பண்ணிக் குடுத்த மாதிரி. போய்ப் பாத்துட்டு வரலாம்லா?" என்றார்.

அப்படியே செய்தார். மூன்று கால் ஆடு ஜெய்லானி பாய் வீட்டுக்குப் போனது. நாங்கள் கேலி செய்ததற்குப் பாய் கோபித்துக்கொள்ளவில்லை. "பெருநாளுக்கு வேற ஆடு வாங்குவேன். இது எம் மக கூடப் படுத்து ஒறங்குது, இதப் போய்த் தொடுவமா?" என்றார். ஒவ்வொன்றும் போன பிறகு அக்கா பிஸ்கட் பாக்கெட்டோடு சம்பந்தி வீட்டுக்குப் போவதுபோல் போய்ப் பார்ப்பார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும்.

மணிக்கு மட்டும் இடம் அமையவில்லை. வயதாகிவிட்டது. தூக்கத்தில் தொட்டால் பதறிக் கடிக்க வரும். கேட்டவர்கள் எல்லாரும் தயங்கினார்கள்.

ஆகவே அன்று அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தபோது சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அக்காவின் தம்பி முருகேசன் ஆலங்குளத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். "நாய் இருக்க வீட்ல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பல வருடங்களுக்கு முன் போனவர் அவர். வீட்டைப் பூட்டிவிட்டு மணியைத் தெருவில் விட்டுவிடுவார் என்று பயந்தேன். மணி முற்றத்தில் படுத்து, வைத்த சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல் கிடந்தது.

முருகேசன் உள்ளே வந்தார். மணி தலையைத் தூக்கிப் பார்த்தது. எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு நேரே அவரிடம் போய் முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என்னிடம் சொன்னார்: "ஆறேழு மாசமா ஞாயித்துக்கிழம ஆனா, வாலேன்னு போன் பண்ணுவா. வந்தா, மொதல்ல இதுக்குச் சோறு வைக்கச் சொல்லுவா. பொறவுதான் எனக்கு. எம்மேல பாசம் வந்துட்டுன்னு நெனச்சேன். இதுக்கு ஆள் பாத்திருக்கா!" அழுகைக்கு நடுவே சிரித்தார்.

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் பாத்திருக்காக" என்றேன். அவ்வளவு நேரம் நெஞ்சில் இருந்த பாரம் அப்போது இறங்கியது. அதன் பிறகுதான் என்னால் நிம்மதியாக அழ முடிந்தது.

காரியங்கள் முடிந்து மணியை லோடு ஆட்டோவில் ஆலங்குளத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். "மீன் தலைய வச்சேன். தட்ட நக்கித் தள்ளிக்கிட்டே வாசல் வரைக்கும் போயிட்டு" என்றார்.

என்னிடம் இரண்டு பூனைகள் இருக்கின்றன. கணவர் இல்லை, மகன் சென்னையில். போன வாரம் அவனிடம், "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் பூனைகள என்னலே செய்வ?" என்று கேட்டேன். முன்பென்றால் அந்தப் பேச்சை நானே எடுத்திருக்க மாட்டேன். "நான் கூட்டிட்டு வந்துருவேம்மா. எது என்ன திங்கும்னு சொல்லு" என்றான். சாம்பல் நிறப் பூனைக்குத் தயிர்சாதம், மற்றதற்குக் கருவாடு என்று சொன்னேன். செண்பகம் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, முன்பு கேட்க அஞ்சிய அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவைத்தான்.